தக்காளியில் மரபணு திருத்தம்: திசு வளர்ப்புக்கு முன்பே வழிகாட்டிகளைச் சோதித்துப் பார்த்த அனுபவம்

தக்காளியில் மரபணு திருத்தம் செய்து முழுச் செடியாக எடுக்க, விதையை முளைக்கப் போடுவதிலிருந்து வேர்விட்ட நாற்று கைக்கு வருவதற்குள் நான்கைந்து மாதம் ஓடிவிடும். போன முறை அப்படி ஓடிய மாதங்களின் முடிவில் 22 செடிகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் டி.என்.ஏ-வை வெட்டும் புரதமான காஸ்9-இன் மரபணு உட்கார்ந்திருந்தது. நான் வெட்ட நினைத்த இடத்தில் மட்டும் ஒன்றில்கூட வெட்டு இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல என் கையில் எந்தத் தகவலும் இல்லை. காஸ்9 வேலை செய்யவில்லையா, அதை வெட்ட வேண்டிய இடத்துக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி ஆர்.என்.ஏ உருவாகவில்லையா, உருவாகியும் இலக்கில் ஒட்டவில்லையா? 22 செடிகளை வரிசையாக வைத்துக்கொண்டு பார்த்தாலும் இதற்குப் பதில் வராது.

அதனால் இந்த முறை, செடித் துண்டிலிருந்து முழுச் செடி எடுக்கும் திசு வளர்ப்புத் தட்டைத் தொடுவதற்கு முன்னால், ஒவ்வொரு சந்தேகத்தையும் தனித்தனியாகக் கேட்கும் சிறிய சோதனைகளைச் செய்தேன். ஆறு வாரம் பிடித்தது. அதில் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த 22 செடிகள் வேண்டாம்.

எடுத்துக்கொண்ட மரபணு எம்.எல்.ஓ.1. தக்காளி இலையில் மாவு தூவியது போலப் படரும் சாம்பல் நோய்ப் பூஞ்சை, இலையின் மேல்தோல் செல்லுக்குள் நுழைய இந்தப் புரதத்தின் துணை வேண்டும். புரதம் இல்லாவிட்டால் பூஞ்சை வாசலிலேயே நின்றுவிடும். பார்லியில் இந்த வகை எதிர்ப்பு 1942-லேயே தெரிந்துவிட்டது. தக்காளியிலும் இயற்கையாகவே இந்த மரபணுவில் 19 டி.என்.ஏ எழுத்துகள் விடுபட்டுப்போன செடிகள் உண்டு, அவை சாம்பல் நோயைத் தாங்கி நிற்கின்றன. 2017-ல் கிரிஸ்பர், அதாவது காஸ்9-உம் வழிகாட்டியும் சேர்ந்த இந்தக் கருவி, கொண்டு இதே மரபணுவில் 48 எழுத்துகளை நீக்கிய தக்காளியையும் வெளியிட்டார்கள். ஆக, மரபணுவை உடைத்தால் பலன் உண்டா என்ற கேள்வி எனக்கு இல்லை. நான் வளர்க்கும் பழைய ரகம் ஒன்று, சுவையில் அதற்கு ஈடு இல்லை, ஆனால் சாம்பல் நோய் வந்தால் முதலில் படுப்பது அதுதான். அந்த ரகத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்தது

காஸ்9 கண்ட இடத்தில் வெட்டாது. வழிகாட்டியின் 20 எழுத்துகள் டி.என்.ஏ-வோடு பொருந்த வேண்டும், அதை ஒட்டியே பி.ஏ.எம் என்னும் மூன்றெழுத்து இருக்க வேண்டும்: முதல் எழுத்து எதுவாகவும் இருக்கலாம், அடுத்த இரண்டும் ஜி. இந்த இரண்டு ஜி இல்லையென்றால் 20 எழுத்தும் அச்சாகப் பொருந்தினாலும் காஸ்9 நகர்ந்துவிடும். வெட்டு, பி.ஏ.எம்-க்கு மூன்று எழுத்து முன்னால் விழும். அந்த இரண்டு ஜி-யை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் என்னைப் பிடித்தது.

மரபணுவின் முற்பகுதியில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தேன். முற்பகுதி என்றால் அங்கே ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ அதற்கப்புறம் வரும் புரதம் முழுவதும் குலைந்துபோகும். வழிகாட்டிக்குள் தொடர்ச்சியாக நான்கு டி வந்தால் ஒதுக்கினேன். வழிகாட்டியைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் 3 அதை முற்றுப்புள்ளியாக எடுத்துக்கொண்டு பாதியில் இறங்கிவிடும். வழிகாட்டியின் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் யு6 ஊக்கி ஜி-யில் தொடங்குவதை விரும்பும் என்பதால், முதலெழுத்து ஜி இல்லாத வழிகாட்டிக்கு முன்னால் ஒரு ஜி சேர்த்துக்கொண்டேன். துண்டுகளை ஒட்டப் பயன்படுத்தும் பி.எஸ்.ஏ.1 நொதியின் அடையாளம், அதாவது ஜி-ஜி-டி-சி-டி-சி, வழிகாட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்தால் ஒட்டும்போதே அது தன்னைத் தானே அறுத்துக்கொள்ளும்.

இலக்கு வரிசையைத் தக்காளியின் மேற்கோள் மரபணுத் தொகுதியிலிருந்து எடுத்தேன். 2012-ல் வெளியான அது ஹெய்ன்ஸ் 1706 என்ற ரகத்தைப் படித்து எழுதப்பட்டது. என் ரகம் ஹெய்ன்ஸ் 1706 அல்ல.

முதல் கேள்வி: கருவி வேலை செய்கிறதா?

எம்.எல்.ஓ வழிகாட்டிகளை நேரடியாகச் சோதிக்காமல், முதலில் கருவியை மட்டும் சோதித்தேன். அதாவது மரபணுக்களைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ-வான பிளாஸ்மிடில் உள்ள காஸ்9, அதன் ஊக்கி, யு6 ஊக்கி எல்லாம் ஒரு செல்லுக்குள் ஒழுங்காக ஓடுகின்றனவா? இதற்கு நிக்கோட்டியானா பெந்தாமியானா மாதிரி வசதியான செடி கிடையாது. இலையின் அடிப்பக்கத்தில் ஊசி இல்லாத சிரிஞ்சை வைத்து அழுத்தினால் நம் மரபணுவைச் செடிக்குள் கொண்டுசெல்லும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் கரைசல் உள்ளே போய்விடும், மூன்று நாளில் மரபணு வெளிப்படத் தொடங்கும். கிரிஸ்பர் தாவரங்களில் வேலை செய்கிறது என்று 2013-ல் காட்டிய முதல் சோதனைகளில் சில இந்தச் செடியில் நடந்தவைதான். அப்போது வெட்டப்பட்ட, கரோட்டினாய்டு உருவாகத் தேவையான பி.டி.எஸ் மரபணுவையும் அதே வழிகாட்டியையும் எடுத்துக்கொண்டேன். பலர் கையில் வேலை செய்த வழிகாட்டி என் கையில் வேலை செய்யாவிட்டால், குற்றம் என் பிளாஸ்மிடில் என்று தெரிந்துவிடும்.

ஜி.வி.3101 வகை அக்ரோபாக்டீரியத்தை இரவு வளர்த்து, மறுநாள் 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் எம்.இ.எஸ், 150 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் கலந்த கரைசலில் கரைத்து, 600 நானோமீட்டரில் அடர்த்தி 0.4 வருமாறு வைத்தேன். அறை வெப்பத்தில் மூன்று மணி நேரம் சும்மா விட வேண்டும். அசிட்டோசிரிங்கோன் என்பது காயம்பட்ட செடி விடும் வாசனை மாதிரி, அதை உணர்ந்த பிறகுதான் பாக்டீரியா தன் டி.என்.ஏ-வைச் செடிக்குள் அனுப்பும் ஏற்பாட்டைத் திறக்கிறது. அதோடு பி19 என்ற வைரஸ் புரதத்தைச் சுமக்கும் இன்னொரு பாக்டீரியாவையும் சேர்த்தேன், அது செடி நம் மரபணுவை அடக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

முதல் நாள் முயற்சி வீணானது. பூ மொட்டு விட்டிருந்த செடிகள், காலையில் தண்ணீர் ஊற்றவும் இல்லை. சிரிஞ்சை எவ்வளவு அழுத்தினாலும் கரைசல் விரலில்தான் வழிந்தது. இலைத்துளைகள் மூடியிருந்தால் அப்படித்தான் நடக்கும். அடுத்த வாரம் நான்கு வாரச் செடிகளை எடுத்து, முந்தைய நாள் மாலையும் அன்று காலையும் நீர்விட்டு, விளக்கடியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத் தொடங்கினேன். வித்தியாசம் கண்முன்னே தெரிந்தது. மேலே விரலால் தாங்கிக்கொண்டு, கீழே சிரிஞ்சின் வாயை ஒட்டி மெதுவாகத் தள்ளினால், ஈரம் ஒரு கரும்பச்சை வட்டமாக விரியும். பக்க நரம்பு வரை போய் ஒரு கணம் நிற்கும், பிறகு நரம்பைத் தாண்டி அடுத்த அறைக்குள் வழியும். அந்த வட்டத்தின் விளிம்பை உடனே மார்க்கரால் வரைந்துவிட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஈரம் உலர்ந்து இலை பழைய நிறத்துக்கு வந்துவிடும், அப்புறம் எங்கே செலுத்தினோம் என்று தேட வேண்டியதுதான்.

ஒவ்வொரு இலையிலும் மூன்று வட்டம்: காஸ்9 மட்டும், வழிகாட்டி மட்டும், இரண்டும் சேர்ந்தது. மூன்றும் ஒரே இலையில் இருப்பது முக்கியம், இலைக்கு இலை வெளிப்பாடு அவ்வளவு மாறும். ஐந்தாம் நாள் வட்டங்களை வெட்டி எடுத்து டி.என்.ஏ பிரித்து, பி.சி.ஆர் முறையில் இலக்குப் பகுதியைப் பெருக்கி, டி7 எண்டோநியூக்ளியேஸ் சோதனை போட்டேன்.

இந்தச் சோதனையின் வழி எளிது. பி.சி.ஆர் துண்டுகளை 95 டிகிரிக்குச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் இழைகள் பிரிந்து, ஜோடி மாறிச் சேரும். திருத்தப்பட்ட இழையும் திருத்தப்படாத இழையும் சேர்ந்த இடத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். டி7 நொதி அந்தப் புடைப்பில் வெட்டும், துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் இரண்டு சின்னப் பட்டைகள் தெரியும்.

தெரிந்தன. இரண்டும் சேர்ந்த வட்டத்தில் அழகாக இரண்டு பட்டைகள். ஆனால் காஸ்9 மட்டும் போட்ட வட்டத்திலும் பட்டைகள்! வழிகாட்டி மட்டும் போட்டதிலும்! கட்டுப்பாட்டு மாதிரிகளை அருகருகே ஓட்டாமல் இருந்திருந்தால், முதல் பட்டையைப் பார்த்த மகிழ்ச்சியில் அடுத்த படிக்குப் போயிருப்பேன்.

மாசு கலந்துவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் எல்லாக் கரைசலையும் மாற்றிப் பார்த்தேன். மாற்றம் இல்லை. பட்டைகளின் நீளத்தை அளந்தபோதுதான் விளங்கியது, கட்டுப்பாட்டில் வந்த பட்டைகள் வெட்டு விழ வேண்டிய நீளத்தில் இல்லை. பெந்தாமியானா நான்மடியச் செடி, இரண்டு மூதாதைச் செடிகளின் மரபணுத் தொகுதிகள் ஒன்று சேர்ந்து உருவானது, 38 குரோமோசோம். பி.டி.எஸ் மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு, அவற்றுக்கிடையே அங்கங்கே ஓரெழுத்து வித்தியாசம். எந்தப் பகுதியைப் பெருக்குவது என்று பி.சி.ஆர்-க்குக் காட்டும் என் பிரைமர்கள் இரண்டு பிரதிகளையும் சேர்த்தே பெருக்கின. ஆக, யாரும் எதையும் திருத்தாமலே ஜோடி மாறிய இழைகள் உருவாகின, டி7 தன் வேலையைச் சரியாகவே செய்தது.

இதற்கு இரண்டு வழிகள். ஒரு பிரதியை மட்டும் பெருக்கும் பிரைமர் எழுதலாம். இல்லையென்றால் டி7-ஐ விட்டுவிட்டு வெட்டு நொதி வழியில் போகலாம். இந்தக் குறிப்பிட்ட வழிகாட்டியின் இலக்குக்குள்ளேயே ஜி-ஏ-ஜி-டி-சி என்ற ஐந்தெழுத்து இருக்கிறது. அதை அடையாளம் கண்டு வெட்டும் நொதி ஒன்று உண்டு. காஸ்9-இன் வெட்டு அந்த ஐந்தெழுத்துக்குள்ளேயே விழுகிறது. திருத்தம் நடந்த டி.என்.ஏ-வில் அடையாளம் அழிந்துவிடும், நொதியால் அதை வெட்ட முடியாது, முழுநீளப் பட்டை மிஞ்சும். கட்டுப்பாட்டில் எதுவும் மிஞ்சக்கூடாது. இரண்டையும் செய்தேன், இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின: சேர்ந்த வட்டத்தில் மட்டும் திருத்தம். கருவி ஓடுகிறது.

டி7 சோதனையை நான் குறை சொல்லவில்லை, விரைவில் ஆம் அல்லது இல்லை சொல்ல அது போதும். சதவீதம் கேட்டால்தான் அது தடுமாறும். திருத்தம் அதிகமாக இருந்தால், திருத்தப்பட்ட இழைகள் தமக்குள்ளேயே சேர்ந்து புடைப்பில்லாமல் போய், எண்ணிக்கை குறைவாகத் தெரியும். இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம் உள்ள செடியை அது கண்டுகொள்ளவே செய்யாது.

இரண்டாவது கேள்வி: என் வழிகாட்டிகள் தக்காளிச் செல்லில் வெட்டுகின்றனவா?

இதற்குப் புரோட்டோபிளாஸ்ட், அதாவது சுவர் நீக்கிய செல். இந்த வேலையை நான் மிகவும் நேசிக்கிறேன், பொறுமை கேட்டாலும்.

கிருமியில்லாத தட்டில் மூன்று வாரம் வளர்த்த தக்காளி நாற்றின் இளம் இலைகளை, புதிய சவரபிளேடால் அரை மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக அரிய வேண்டும். அரிவது என்றால் ஒரே இழுப்பு, நசுக்கக்கூடாது. நாலைந்து இலைக்கு ஒரு பிளேடு என்று மாற்றிக்கொண்டே இருந்தேன். மழுங்கிய பிளேடு பட்ட விளிம்பு கரும்பச்சையாகச் சாறு விட்டுத் தெரியும், அந்த விளிம்பில் உள்ள செல்கள் செத்தவை. கீற்றுகளை 0.4 மோலார் மேனிட்டால், 1.5 சதவீதம் செல்லுலேஸ், 0.4 சதவீதம் மாசரோசைம் உள்ள கரைசலில் இருட்டில் மெல்ல ஆட்டிக்கொண்டு வைத்தேன். கரைசல் தயாரிக்கும்போது நொதிகளைச் சேர்த்த பிறகு 55 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, ஆறவிட்டு, அதன் பின்தான் கால்சியம் குளோரைடும் பி.எஸ்.ஏ புரதமும் சேர்க்க வேண்டும். அந்தச் சூடு, நொதித் தூளில் கலந்து வரும் புரதம் தின்னிகளையும் டி.என்.ஏ தின்னிகளையும் அடக்கும். முதல் தடவை இதை விட்டுவிட்டேன், செல்கள் மூன்று மணி நேரத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின.

சுவர் கரைந்ததா என்று தெரிந்துகொள்ள நுண்ணோக்கி போதும். இலைக்குள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நீள்சதுரமாக இருந்த செல், சுவர் போனதும் பந்தாகிவிடும். பச்சையங்கள் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பச்சை மணிமாலை மாதிரி இருக்கும். முட்டை வடிவில் ஒரு செல் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சுவர் மிச்சமிருக்கிறது என்று பொருள். உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய எஃப்.டி.ஏ சாயம் போட்டால், உயிருள்ள செல் மட்டும் பச்சையாக ஒளிரும்.

சுவர் இல்லாத செல்லைத் தாங்கி நிற்பது சுற்றியுள்ள கரைசலின் அடர்த்தி ஒன்றுதான். அதனால் எல்லாமே மெதுவாக. பைபெட் முனையைக் கத்தரித்து வாயை அகலமாக்கிக்கொண்டேன். மையவிலக்கு 100 ஜி, இரண்டு நிமிடம், நிற்கும்போது பிரேக் போடாமல். டபிள்யூ5 கரைசலில் கழுவி அரை மணி நேரம் பனிக்கட்டியில் வைத்து, பின் மில்லிலிட்டருக்கு 2 லட்சம் செல் வருமாறு எம்.எம்.ஜி கரைசலில் எடுத்தேன். 100 மைக்ரோலிட்டர் செல்லுக்கு 10 மைக்ரோகிராம் பிளாஸ்மிட், அதைச் செல்லுக்குள் புக வைக்க 110 மைக்ரோலிட்டர் 40 சதவீத பி.இ.ஜி 4000. பத்து நிமிடம். இதன் பிறகு நீர்க்க வைப்பதில்தான் இரண்டாவது தடவை கெட்டது: டபிள்யூ5-ஐ ஒரேயடியாக ஊற்றினேன், பாதிச் செல் வெடித்தது. இப்போது முதலில் 50, பிறகு 100, பிறகு 300 மைக்ரோலிட்டர் என்று குழாயைச் சாய்த்துச் சாய்த்துச் சேர்க்கிறேன்.

கூடவே பச்சை ஒளிர்வுப் புரதம் உள்ள பிளாஸ்மிடை ஒரு குழாயில் போட்டேன். மறுநாள் எண்ணியபோது நூற்றுக்கு 20 செல்கூட ஒளிரவில்லை. பிளாஸ்மிடின் தரம்தான் காரணம், சின்ன அளவில் பிரித்தெடுத்தது, உப்பு மிச்சமிருந்தது, அடர்த்தியும் போதவில்லை. பெரிய அளவில் பிரித்து மைக்ரோலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் கொண்டுவந்தபோது 60 வரை ஏறியது. இந்த எண்ணைக் குறித்துவைப்பது கட்டாயம். மொத்தச் செல்லில் 12 சதவீதம் திருத்தம் என்றால், பிளாஸ்மிட் புகுந்த 60 சதவீதத்தில் அது 20 சதவீதம். புகுந்த அளவு தெரியாமல் இரண்டு நாள் சோதனைகளை ஒப்பிட்டால் வழிகாட்டியைப் பற்றிய முடிவு தப்பாகிவிடும்.

48 மணி நேரம் கழித்து டி.என்.ஏ எடுத்து, இலக்கைச் சுற்றிய 250 எழுத்தளவுத் துண்டைப் பெருக்கி, பிரதிகளைத் தனித்தனியாகப் படிக்கும் ஆழ்வரிசைப்படுத்தலுக்கு அனுப்பினேன். எல்லாப் பிரதிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும் சாதாரண சாங்கர் வரிசையையும் டைட், ஐஸ் போன்ற மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் ஐந்து சதவீதத்துக்குக் கீழே அதை நான் நம்புவதில்லை.

முதல் வழிகாட்டி: 14 சதவீதம். பெரும்பாலும் ஓரெழுத்துச் செருகல், அதுவும் பி.ஏ.எம்-இலிருந்து நான்காவதாக இருக்கும் எழுத்தின் மறுபடி. காஸ்9 சில சமயம் இரண்டு இழையையும் நேருக்கு நேர் வெட்டாமல் ஓரெழுத்துத் தள்ளி வெட்டும், அந்த இடைவெளியைச் செல் நிரப்பும்போது அதே எழுத்து இரட்டிக்கும். இந்த அடையாளத்தைப் பார்த்தால் இது வரிசைப்படுத்தும் கருவியின் பிழையல்ல, உண்மையான வெட்டு என்று நிம்மதி வரும். மூன்றாவது வழிகாட்டி: 2 சதவீதம் சுமார். இரண்டாவது வழிகாட்டி: கட்டுப்பாட்டு மாதிரியில் இருந்த பின்னணி அளவே. ஒன்றுமில்லை.

போன முறை அந்த 22 செடிகளில் நான் பயன்படுத்தியது இந்த இரண்டாவது வழிகாட்டியைத்தான். வடிவமைப்பு மென்பொருளில் அதற்குத்தான் அதிக மதிப்பெண்.

ஏன் வெட்டவில்லை?

செல்லுக்குள் வெட்டாததற்குப் பல காரணம் இருக்கலாம். அதனால் செல்லையே ஒதுக்கிவிட்டு, சோதனைக் குழாயில் கேட்டேன். என் தக்காளியின் டி.என்.ஏ-விலிருந்து பெருக்கிய துண்டு, காஸ்9 புரதம், ஆர்.என்.ஏ-வாகவே வாங்கிய வழிகாட்டி. மூன்றையும் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம். கடைசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி சேர்க்க மறக்கக்கூடாது, இல்லையென்றால் காஸ்9 வெட்டிய டி.என்.ஏ-வை விடாமல் பிடித்துக்கொண்டு ஜெல்லில் பட்டையை இழுத்துக்கொண்டே போகும்.

முதல் வழிகாட்டி முழுவதும் வெட்டியது. மூன்றாவதும் முழுவதும் வெட்டியது. இரண்டாவது தொடவே இல்லை.

இந்த ஒரு ஜெல் நிறையச் சொல்லிவிட்டது. குழாயில் செல் இல்லை, டி.என்.ஏ புரதத்தோடு சேர்ந்து சுருண்ட குரோமட்டின் இல்லை, யு6 இல்லை, பி.இ.ஜி இல்லை. இருந்தவை டி.என்.ஏ-வும் காஸ்9-உம் வழிகாட்டியும். அதே காஸ்9 மற்ற இரண்டோடு வெட்டுகிறது. எஞ்சியது டி.என்.ஏ. உடனே அந்தத் துண்டைச் சாங்கர் முறையில் வரிசைப்படுத்தினேன். வழிகாட்டியின் 20 எழுத்தும் அச்சாகப் பொருந்தியிருந்தன. அதை அடுத்து மேற்கோள் தொகுதியில் ஜி-ஜி இருந்த இடத்தில் என் ரகத்தில் ஜி-ஏ. ஒரே ஓரெழுத்து. ஹெய்ன்ஸ் 1706-இல் வெட்டியிருக்கும், என் செடியில் வெட்ட வழியே இல்லை.

அந்த வரிசையைத் திரையில் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. ஒரே ஒரு சாங்கர் ஓட்டம், ஒரு நாள் வேலை, போன வருடமே செய்திருந்தால் அத்தனை மாதங்கள் மிஞ்சியிருக்கும். இப்போதெல்லாம் வழிகாட்டியை வடிவமைப்பதற்கு முன்பே, திருத்தப்போகும் அதே செடியிலிருந்து இலக்குப் பகுதியைப் பெருக்கி வரிசைப்படுத்திவிட்டுத்தான் மென்பொருளைத் திறக்கிறேன். ரகத்தின் பெயர் ஒன்றுதானே என்று இன்னொருவர் செய்த வரிசையையும் எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது வழிகாட்டி வேறு கதை. குழாயில் முழுவதும் வெட்டுகிறது, செல்லில் 2 சதவீதம்தான். யு6-இல் பிரச்சினையோ என்று காஸ்9 புரதத்தையும் வழிகாட்டியையும் குழாயிலேயே சேர்த்துக் கட்டி, அந்தக் கூட்டை நேராகப் புரோட்டோபிளாஸ்டில் செலுத்தினேன். முதல் வழிகாட்டி இந்த வழியிலும் நன்றாக வெட்டியது. மூன்றாவது 3 சதவீதத்தைத் தாண்டவில்லை. வழிகாட்டி உருவாவதில் குறை இல்லை, டி.என்.ஏ-விலும் குறை இல்லை, அப்படியென்றால் செல்லுக்குள் அந்த இடத்தை எட்டுவதில்தான் தடை. இலைச் செல்லில் அந்தப் பகுதி குரோமட்டினுக்குள் இறுகச் சுருண்டிருக்கலாம் என்பது என் கணிப்பு. திசு வளர்ப்பில் பிரியும் செல்லில் அது திறந்திருக்கவும் கூடும், அதனால் மூன்றாவதைச் செத்தது என்று எழுதிவிடாமல் ஓரமாக வைத்திருக்கிறேன்.

இரண்டாவதுக்குப் பதிலாக நான்காவது வழிகாட்டி ஒன்றை, இந்த முறை என் செடியின் வரிசையிலிருந்தே எழுதினேன். முதல் வழிகாட்டியின் வெட்டிலிருந்து இதன் வெட்டு 61 எழுத்து தள்ளி விழும். 61 மூன்றால் வகுபடாத எண், இரண்டு வெட்டுக்கும் இடையே உள்ள பகுதி அப்படியே கழன்று விழுந்தால் புரதத்தின் படிப்பு குலையும். இன்னொரு வசதியும் உண்டு. இந்த நீக்கத்தைப் பார்க்க டி7 வேண்டாம், வரிசைப்படுத்தலும் வேண்டாம், 3 சதவீத அகரோஸ் ஜெல்லில் பழைய பட்டைக்குக் கீழே குட்டைப் பட்டை ஒன்று தனியாக நிற்கும். இரண்டையும் ஒரே பிளாஸ்மிடில் வைத்துப் புரோட்டோபிளாஸ்டில் போட்டேன். குட்டைப் பட்டை மங்கலாக, ஆனால் ஐயமில்லாமல் வந்தது. கட்டுப்பாட்டில் இல்லை.

தட்டுக்குப் போனது

இதற்குப் பிறகுதான் திசு வளர்ப்பு. எட்டு நாள் நாற்றின் விதையிலைத் துண்டுகள், அக்ரோபாக்டீரியத்தோடு இரண்டு நாள், பிறகு கனமைசின் கலந்த ஊடகம். இந்தப் பகுதியை விவரிக்கப்போவதில்லை, எல்லாரும் செய்கிற மாதிரிதான் செய்தேன். ஒன்றை மட்டும் கூடுதலாகச் சேர்த்தேன்: ஒரு தட்டில் எம்.எல்.ஓ-வுக்குப் பதில் தக்காளியின் பி.டி.எஸ் மரபணுவுக்கான வழிகாட்டி. பி.டி.எஸ் உடைந்தால் கரோட்டினாய்டு உருவாகாது, கரோட்டினாய்டு இல்லாத பச்சையம் வெளிச்சத்தில் சிதைந்துபோகும், குருத்து வெள்ளையாக வரும். மற்றத் தட்டுகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் தெரியாத வாரங்களில் இந்த ஒரு தட்டு எனக்கு ஜன்னலாக இருந்தது.

ஆறாவது வாரம் அதில் முதல் வெள்ளைக் குருத்து வந்தது. பச்சைக் கட்டியின் பக்கவாட்டிலிருந்து, நகத்தளவு, பால் நிறத்தில் இரண்டு இலை. ஓர் இலையின் ஒரு பாதி வெள்ளை, மறு பாதி பச்சை, நடு நரம்பு நேர்க்கோடாக இரண்டையும் பிரித்தது. குருத்து உருவான பிறகு சில செல்களில் மட்டும் வெட்டு விழுந்தால் இப்படிக் கலந்து வரும். எம்.எல்.ஓ குருத்துகளிலும் இதே கலப்பு இருக்கும் என்பதை அந்த இலை முன்கூட்டியே சொல்லிவிட்டது. அதனால் ஒவ்வொரு செடியிலும் ஒரே இலையை நம்பாமல் மூன்று வேறு இலைகளிலிருந்து டி.என்.ஏ எடுத்தேன்.

வேர்விட்ட எம்.எல்.ஓ செடிகள் 17. அவற்றில் 11-இல் முதல் வழிகாட்டியின் இடத்தில் மாற்றம் இருந்தது. நான்கில் 61 எழுத்து நீக்கமும் இருந்தது. அவற்றில் இரண்டு செடிகளில் மூன்று இலைகளிலும் திருத்தப்படாத வரிசை கண்ணில் படவில்லை. இரண்டும் இப்போது தொட்டியில், முதல் பூங்கொத்தில் காய் பிடித்திருக்கிறது. காஸ்9 ஒரே இடத்தில் நுழைந்திருந்தால் அடுத்த தலைமுறை நாற்றுகளில் நான்கில் ஒன்று அது இல்லாமல் பிறக்கும். விதை எடுத்ததும் முதல் வேலை, முளைத்த ஒவ்வொன்றின் விதையிலையிலும் ஒரு துளி வெட்டி காஸ்9-க்கு பி.சி.ஆர் போட்டு, அது இல்லாத நாற்றுகளைத் தனித் தட்டில் நட்டு, சாம்பல் நோய் பிடித்த இலையை அவற்றின் மேல் உதறுவது.